வேர்டில் படத்துக்கும் அட்டவணைக்கும் சரியான இடைவெளி

படத்துக்கு மேலும் கீழும் என்டர் தட்டி இடம் விடுவதை முதலில் நிறுத்துங்கள். முன்னால் இரண்டு வரி கூடினாலே அந்த வெற்றுப் பத்தி அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பத்திக் குறிகள் தெரியும். வெறும் குறி மட்டும் நிற்கும் பத்திகளை அழித்துவிடுங்கள்.

ஆய்வேட்டுக்குப் படத்தை 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' முறையில், அதாவது வரிக்குள் ஓர் எழுத்தைப்போல, வைப்பதே நிம்மதி. படம் இருக்கும் பத்திக்கெனத் தனி ஸ்டைல் (சேமித்துவைக்கும் வடிவமைப்பு) ஒன்றை உருவாக்குங்கள்: நடுவில் சீரமைப்பு, முதல் வரி உள்தள்ளல் 0, முன் (பத்திக்கு மேலுள்ள இடைவெளி) 12 பாயின்ட், பின் (கீழுள்ளது) 6 பாயின்ட், வரி இடைவெளி 'சிங்கிள்', அடுத்த பத்தியோடு ஒரே பக்கத்தில் நிற்கவைக்கும் 'கீப் வித் நெக்ஸ்ட்' டிக். படத்துக்கு அடியில் வரும் தலைப்புக்கான 'கேப்ஷன்' ஸ்டைலுக்கு முன் 0, பின் 12. அடுத்தடுத்த பத்திகளில் முதலாவதன் பின் அளவும் அடுத்ததன் முன் அளவும் கூட்டப்படுவதில்லை, பெரியதுதான் நிற்கும். அடுத்த பத்தியின் முன் அளவு 12 ஆக இருக்கும்போது, 6-ஐ 8 ஆக்கியும் எதுவும் மாறவில்லையே என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

படம் ஒரு கீற்றாக மட்டும் தெரிகிறதா? அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' (மாறாத உயரம்) என்று இருக்கும். சிங்கிளுக்கு மாற்றினால் முழுப் படமும் வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் இடைவெளி அதிகம் என்றால் படத்தின் ஓரத்திலேயே வெள்ளை இருக்கிறதா பாருங்கள்; எக்செல் வரைபடங்களில் இது சகஜம். கிராப் செய்தால் போதும்.

எழுத்து படத்தைச் சுற்றி ஓட வேண்டுமென்றால் 'ஸ்கொயர்'. அதில் இடமும் வலமும் 0.32 செ.மீ. தானாக வரும், மேலும் கீழும் 0. வரிகள் படத்தின் தலையில் முட்டுவது அதனால்தான். 'மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ்' போய் மேல், கீழ் இரண்டுக்கும் 0.3 கொடுங்கள்.

அட்டவணைதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சாதாரண அட்டவணைக்கு முன், பின் இடைவெளி என்று எதுவுமே கிடையாது. மேல் இடைவெளியை அட்டவணைக்கு மேலுள்ள தலைப்பின் பின் அளவு தரும். படத் தலைப்பின் 'கேப்ஷன்' ஸ்டைலில் பின் 12 இருப்பதால் இதற்குத் தனி ஸ்டைல் வையுங்கள்: பின் 6 பாயின்ட், கூடவே 'கீப் வித் நெக்ஸ்ட்'. கீழ் இடைவெளியை அடுத்த பத்திதான் தர வேண்டும். அட்டவணைக்கு அடியில் 'ஆதாரம்' வரி போடுபவர்கள் அதற்கொரு ஸ்டைல் வைத்து முன் 4, பின் 12 கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த வரி இல்லையென்றால் உரை ஸ்டைலின் நகல் ஒன்றில் முன் 12 வையுங்கள்.

கட்டத்துக்குள் எழுத்து மேலே ஒட்டி, அடியில் வெற்றிடம் கிடந்தால், பெரும்பாலும் உங்கள் 'நார்மல்' ஸ்டைலின் பின் இடைவெளி உள்ளே நுழைந்திருக்கும். கட்டங்களுக்குத் தனி ஸ்டைல்: முன் 2, பின் 2, சிங்கிள். வரிசை உயரம் 'அட் லீஸ்ட்' (குறைந்தபட்சம்) என்றே இருக்கட்டும். 'எக்ஸாக்ட்லி' கொடுத்து நெருக்கினால் கடைசி வரியில் 'கூ', 'மு' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும். ஆங்கில வார்ப்புருவில் தமிழைக் கொட்டும்போது இதைத் தவறாமல் பாருங்கள்.

பக்கத்தின் அடியில் பெரிய காலியிடம் விழுவது இடைவெளிக் கோளாறு அல்ல. படமும் தலைப்பும் சேர்ந்து அங்கே இடம் போதாமல் அடுத்த பக்கம் தாவியிருக்கின்றன. படத்தின் உயரத்தைச் சற்றுக் குறையுங்கள், அல்லது அடுத்த பத்தியைப் படத்துக்கு முன்னால் நகர்த்துங்கள். 'கீழே உள்ள படம்' என்று எழுதாமல் 'படம் 3' என்று எண்ணால் சுட்டியிருந்தால் அப்போது வாக்கியத்தைத் திருத்த வேண்டியிருக்காது.