தையலை நக்காமல் இருக்க ஒரு பழைய டீ-ஷர்ட்

தத்துப் போகும்வரை உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? பழைய பருத்தி டீ-ஷர்ட்டை, அதன் முன்பக்கம் நாயின் முதுகில் வருமாறு மாட்டுங்கள். முன்கால்களைச் சட்டையின் கைகளில் நுழைத்து, மிச்சத் துணியை இடுப்புக்கு மேலே சேர்த்து லேசாக முடிச்சுப் போட்டால் சரி.

நக்கினால் தையல் பிரியும், ஈரத்தில் சீழ் பிடிக்கும். துணி வயிற்றை மறைத்துவிடுவதால் நாக்கு அங்கே எட்டாது. தெருவில் வளர்ந்த நாய்க்கு, நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு பெரிய தொல்லை, கதவிலெல்லாம் இடித்துக்கொண்டு திரியும். டீ-ஷர்ட்டைப் போட்டால் நிம்மதியாகச் சாப்பிடும், தூங்கும். தினமும் துணியை மாற்றி, தையலையும் ஒருமுறை பாருங்கள். சாதாரணமாக 10 முதல் 14 நாள் வரை இது தேவைப்படும்.

கால், வால், முகத்தில் காயம் என்றால் இது உதவாது. துணியைக் கடித்து விழுங்கும் நாய்க்கும் வேண்டாம், அதற்குக் கூம்புதான்.