எல்லை தாண்டும் ஆவணம்: தேதியைக் கவனியுங்கள்

பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு போன்றவற்றை வேறு நாட்டுக்காக மொழிபெயர்க்கும்போது வாக்கியங்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. தேதியும் எண்ணும்தான் காலை வாரும். 03/04/2025 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. ஆகவே மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். மூலத்தில் எது நாள், எது மாதம் என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். அதே ஆவணத்தில் 12-க்கு மேற்பட்ட எண் வரும் இன்னொரு தேதியைத் தேடுங்கள், வரிசை பிடிபட்டுவிடும்.

தாய்லாந்து ஆவணத்தில் 2568 என்றிருந்தால் அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2025. ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ரெய்வா 7-ம் அதே ஆண்டுதான். மூல ஆண்டை அப்படியே வைத்து, மாற்றியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் தாருங்கள். மூலத்தை அழித்துவிட்டால் சரிபார்க்கும் அதிகாரிக்கு இரண்டு தாள்களும் ஒத்துப்போகாது.

ஜெர்மன் தாளில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி தசமத்தைக் காட்டும்: 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு; 1,500 என்றால் ஒன்றரை!

பெயருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே சரி, உச்சரிப்புக்கு அது பொருந்தாவிட்டாலும். முத்திரை, கையொப்பம், படிக்க முடியாத வரி ஆகியவற்றையும் அந்தந்த இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் குறித்துவிடுங்கள்.