உணவக அகப்பக்கம் சொல்வதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு குட்டி இந்தியாவிலோ ஐம்பது பேருக்கு நிச்சயதார்த்த விருந்து வைக்க நினைப்பவர்கள் முதலில் திறப்பது கடையின் அகப்பக்கத்தைத்தான். முன்பணம் கட்டலாமா என்ற முடிவும் பல வேளை அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்தை எழுதியவர் கடைக்காரர். அதில் உள்ளதெல்லாம் பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வதற்கு அவர் பக்கமே சாட்சியாக முடியாது. ஒரு கைப்பேசி, ஒரு தாள், அரை மணி நேரம் இருந்தால் சரிபார்த்துவிடலாம்.

முதல் வேலை: வரிகளைப் பிரியுங்கள்

பல பக்கங்களில் வருவதைச் சேர்த்து ஒரு மாதிரி கட்டியிருக்கிறோம்: "1957 முதல் நாட்டின் தலைசிறந்த வாழையிலைச் சாப்பாடு. ஹலால். எம்எஸ்ஜி அறவே இல்லை. மிஷெலின் போற்றிய சுவை. வெறும் 18++ ரிங்கிட்."

'தலைசிறந்த' என்பதை அடித்துவிடுங்கள். அதை யாராலும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. மிஞ்சுவது ஐந்து: ஆண்டு, ஹலால், எம்எஸ்ஜி, மிஷெலின், விலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை உறுதிசெய்யக்கூடியவர் யார் என்று எழுதுங்கள். எதிரே எழுத ஒருவரும் இல்லாத வரி வெறும் அலங்காரம். அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

ஆண்டு

பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். 2019 அக்டோபரிலிருந்து எஸ்எஸ்எம், அதாவது மலேசிய நிறுவன ஆணையம், 12 இலக்க எண் தருகிறது. அதன் முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு நிறுவன வகை. 201501 என்று தொடங்கினால் 2015-இல் பதிவான உள்நாட்டு நிறுவனம். 1957-க்கும் அதற்கும் இடையே 58 ஆண்டுகள்.

இதைப் பார்த்ததும் பொய் என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. தாத்தா தள்ளுவண்டியில் தொடங்கிய கடையைப் பேரன் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், ஆக்கியிருக்கலாம். ஆகவே இன்னொரு படி போங்கள். வேபேக் மெஷின் தளத்தில் கடையின் இணைய முகவரியை இட்டால் பழைய பக்கங்கள் சேமிப்பில் இருக்கின்றனவா என்று தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் 'மூன்றாம் தலைமுறை' என்றும் இன்று 'ஐந்தாம் தலைமுறை' என்றும் இருந்தால் கேள்வி கேட்கலாம். பழைய தெருப் பெயர், பழைய புகைப்படம் என்று ஏதாவது ஒன்று மாறாமல் தொடர்ந்து வந்தால் நம்பலாம்.

ஹலால்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். 'பன்றி இறைச்சி இல்லை', 'முஸ்லிம் உரிமையாளர்' என்பவை சான்றிதழ் ஆகா. 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவுகளின்படி, இந்நாட்டில் ஹலால் சான்றிதழ் தரும் அதிகாரம் ஜாக்கிமுக்கும் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) மாநில இஸ்லாமிய சமய மன்றங்களுக்கும் மட்டுமே உண்டு.

ஜாக்கிமின் ஹலால் தளத்தில் தேடுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயரில் கிடைக்காவிட்டால், பக்கத்தின் அடியில் பார்த்த நிறுவனப் பெயரில் தேடுங்கள். சான்றிதழ் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் இருக்கும். கிடைத்ததும் முகவரியைப் படியுங்கள். உணவகச் சான்றிதழ் ஒவ்வொரு கிளைக்கும் தனி. பங்சார் கிளையின் சான்றிதழ் பட்டர்வொர்த் கிளைக்குச் செல்லாது. காலாவதி தேதியையும் பாருங்கள்.

நம் வீடுகளில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஹலால் என்பது அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தனியாகக் கேளுங்கள்.

'சைவம்', 'எம்எஸ்ஜி இல்லை'

இவற்றுக்கு எதிரே எழுத வெளியார் யாரும் இல்லை, கடையின் சமையற்காரரைத்தான் எழுத வேண்டும். சமையற்கட்டில்தான் பதில் இருக்கிறது, அதனால் தொலைபேசியில் கேளுங்கள். 'சைவமா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். பொருளைச் சொல்லிக் கேளுங்கள்: சம்பாலில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால்) உண்டா? கீரைப் பிரட்டலில் சிப்பிச் சாறு விடுகிறீர்களா? முட்டை? அதே வாணலியா, தனி வாணலியா? பினாங்கில் கூடுதலாக ஒன்று: ரோஜாக் குழம்பில் ஹே கோ, அதாவது இறால் விழுது, சேர்வது வழக்கம். காய்கறி மட்டுமே கண்ணில் பட்டாலும் அது சைவம் இல்லை.

எம்எஸ்ஜி விஷயத்தில் கடைக்காரர் தெரிந்தே பொய் சொல்கிறார் என்பது அபூர்வம். அவர் வெள்ளைத் தூளைத் தனியாகப் போடுவதில்லை, அவ்வளவே. ஆனால் கோழிச் சுவைத்தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 621 என்ற எண் இருக்கும், அதுவே எம்எஸ்ஜி. கூடவே 627, 631 என்ற சுவையூட்டிகளும் வரும். சோயா சாறு, நெத்திலி, தக்காளி ஆகியவற்றில் எம்எஸ்ஜியின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட் இயல்பாகவே உண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "சுவைத்தூளோ ஸ்டாக் கட்டியோ போடுகிறீர்களா?"

மிஷெலினும் மற்ற விருதுகளும்

உணவகங்களை மதிப்பிடும் மிஷெலின் கையேட்டின் கோலாலம்பூர், பினாங்குக்கான முதல் பதிப்பு 2022 டிசம்பரில் வெளியானது. அதில் நட்சத்திரம் வேறு, நியாய விலையில் நல்ல உணவுக்கான பிப் கூர்மான் வேறு, வெறுமனே பட்டியலில் இடம்பெறுவது வேறு. 'மிஷெலின் போற்றியது' என்று எழுதும்போது மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். கையேட்டின் சொந்தத் தளத்தில் கடையின் பெயரைத் தேடுங்கள். பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால், பழைய பதிப்பின் முத்திரை இன்றைக்குச் சாட்சியாகாது.

மற்ற விருதுகளுக்கு: ஆண்டு இல்லாத விருதை ஒதுக்குங்கள். தந்தவரின் தளத்தில் 'விருது பெறக் கட்டணம்' என்ற பகுதி இருந்தால் அதையும் ஒதுக்குங்கள்.

விலை

18++ என்பதில் முதல் கூட்டல் குறி சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. அது அரசாங்க வரி அன்று, கடைக்கே போகிறது. இரண்டாவது சேவை வரி. 2024 மார்ச்சில் பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6 ஆகவே விடப்பட்டது. ஆறு பேர் சாப்பிட்டால் 108 ரிங்கிட் என்று நினைத்துப் போவீர்கள். பில் ஏறத்தாழ 125 வரும். ஐம்பது பேருக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 145 ரிங்கிட். முன்பணம் கட்டும்முன் 'எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படங்களும் விமர்சனங்களும்

உணவுப் படத்தை கூகுள் லென்ஸில் இடுங்கள். அதே மீன் தலைக் கறி வேறு நாட்டுத் தளங்களில் வந்தால் அது கடைப் படம் இல்லை. அகப்பக்கத்தில் ஒட்டியுள்ள பாராட்டுகள் கடைக்காரர் பொறுக்கியவை. கூகுள் மேப்ஸில் 'புதியவை', 'குறைந்த மதிப்பெண்' என்று வரிசைப்படுத்திப் படியுங்கள். ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து நட்சத்திரங்கள், இந்த ஒரு விமர்சனத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத கணக்குகள், பணியாளர் பெயரை மட்டும் புகழும் ஒற்றை வரிகள் ஆகியவை பெரும்பாலும் இலவசத் தே தாரிக்குக்கு எழுதப்பட்டவை. 40 பேர் தந்த 4.9-ஐவிட 2,000 பேர் தந்த 4.3 நம்பகமானது.

ஏமாற்றம் நேர்ந்தால்

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பில் இல்லாமல் போகாதீர்கள். அகப்பக்கத்தின் படத்தை விருந்துக்கு முன்பே எடுத்து வையுங்கள். புகார் எழுந்த மறுநாளே வரிகள் மாறிவிடக்கூடும். படத்தில் இணைய முகவரிப் பட்டையும் கைப்பேசியின் தேதியும் தெரிய வேண்டும்.