மாற்கு 4 இருந்தால் ஒரு வாரத்துக்குப் போதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பைபிள் வைத்து ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்களா? 1611 கிங் ஜேம்ஸ் பதிப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பிள்ளைகள் ‘யூ’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘தவ்’, ‘தீ’ என்று பேச ஆரம்பித்தால் வம்பு. எளிய ஆங்கிலத்தில் உள்ள குட் நியூஸ் பைபிளில் மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தை எடுங்கள், விதைக்கிறவன் கதை. முதலில் தமிழில் ஒருவர் வாசிக்கட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் ‘ஃபெல்’, ‘கேம்’, ‘ஏட்’ போன்ற இறந்தகால வினைகளுக்கு மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, அதனால் இவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் நடந்துகொண்டே கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள்.

பலர் இந்துக் குடும்பமாக இருப்பார்கள், பாடம் பைபிளிலிருந்து என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், அவர்களிடையே வேற்று மதப் பிரசாரத்துக்குப் பல மாநிலங்களில் சட்டத் தடை உண்டு.