மே விடுமுறையில் ஆசிரியர்களுக்கு சைபர் பாதுகாப்புப் பயிற்சி: அரை நாள் போதும்

ஓர் அறைக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம். எல்லோரும் தங்கள் போனையே கொண்டுவரட்டும். திரையில் ஸ்லைடு காட்டி முடிக்கும் பயிற்சி மதியச் சாப்பாட்டோடு மறந்துபோகும்.

முதல் ஒரு மணி நேரம் வாட்ஸ்அப்புக்கே. வகுப்புக் குழுவின் அட்மின் கணக்கு பறிபோனால், ஆசிரியர் பெயரில் பெற்றோரிடம் பணம் கேட்பார்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்கப் பின் வைக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதி கூடாது. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில்தான் பலர் 'பிறகு பார்க்கலாம்' என்று தாண்டிவிடுவார்கள். மின்னஞ்சல் தராமல் அந்தப் பின் எண்ணை மறந்தால் 7 நாள் வரை காத்திருக்க நேரும். அடுத்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியல். ஆய்வகக் கணினியில் எப்போதோ திறந்த வாட்ஸ்அப் வெப் அங்கே இன்னும் உயிரோடு இருக்கலாம். உடனே லாக்அவுட்.

பொதுக் கணினியின் குரோமில் சேமித்த கடவுச்சொற்களையும் அழிக்க வேண்டும். மாணவர் விவரம் முழுக்க பள்ளி இணையதளத்தின் லாகினுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும்) கோப்பைத் தொடக்கூடாது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். நிறுவிவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் முடக்க அப்போதுதான் வாய்ப்பு. பரிமாற்ற எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆதாரப் படங்களை மட்டும் ஆசிரியர் குழுவில் பகிரவே கூடாது.