இயந்திர இரைச்சல் காட்டுப் பறவைகளை விரட்டுகிறதா? பினாங்கில் கணக்கெடுக்கும் முறை

ஓடும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று எண்ணினால் பறவைகள் குறைவாகத்தான் இருக்கும். பறவை போய்விட்டதா, நம் காதுக்கு எட்டவில்லையா? இதைப் பிரித்துக் காட்டாத கணக்கெடுப்பால் பறவைக்கு ஒரு நன்மையும் இல்லை.

தண்ணீர்மலை, ஆயர் ஈத்தாம் பக்கக் காட்டோரத்தில் பம்போ கம்பிரசரோ ஓடினால், அதிலிருந்து 50, 300, 550 மீட்டரில் மூன்று இடங்களைக் குறியுங்கள். இடைவெளி 250 மீட்டருக்குக் குறைந்தால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ண நேரும். அதேபோல் மரம் வெட்டப்பட்ட, ஆனால் சத்தமில்லாத இன்னொரு காட்டோரமும் கட்டாயம் வேண்டும். அடர்காட்டுப் பறவையான சோலைபாடி வெட்டவெளியை ஒதுக்கும். குண்டுகரிச்சான் அங்கேதான் நிற்கும். அந்த வித்தியாசத்தை இரைச்சலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

சவுண்ட் மீட்டரைக் காற்றுத்தடுப்பு நுரையோடு 1.5 மீட்டர் உயரத்தில் முக்காலியில் வைத்து, 'ஏ', 'சி' இரண்டு அளவிலும் ஐந்தைந்து நிமிடச் சராசரி எடுங்கள். இவை மீட்டரில் உள்ள இரண்டு அளவு முறைகள்: 'ஏ' அளவு தாழ்ந்த உறுமலைக் குறைத்துக் காட்டும், 'சி' அவ்வளவாகக் குறைக்காது. 'சி' அளவு 'ஏ'யைவிட 15 டெசிபலுக்கு மேல் கூடுதலாக இருந்தால் அது இயந்திர உறுமலாக இருக்கலாம். சிள்வண்டு கத்தத் தொடங்கினால் அளப்பதை நிறுத்துங்கள். அமைதியான இடமும் இரைச்சலாகத் தெரியும்.

இனி காதுச் சோதனை. 3 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒலியை ஒரு மீட்டரில் 80 டெசிபல் வருமாறு ஸ்பீக்கரில் வையுங்கள். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் 20, 40, 60, 80 மீட்டரில் ஒலிக்கவிட, எண்ணுபவர் கேட்டதைக் குறிக்கட்டும். இயந்திரத்தருகே 40 மீட்டர்வரைதான் கேட்டது என்றால், எல்லா இடங்களிலும் 40 மீட்டருக்குள் உள்ள பறவைகளை மட்டும் எண்ணுங்கள். சோலைபாடியின் பாட்டையே ஒலிக்கவிட வேண்டாம். எல்லைச் சண்டைக்கு ஓடிவந்து கூட்டை மறந்துவிடும்.

காலை 7.15 முதல் 9 மணிவரை, இடத்துக்குப் பத்து நிமிடம், வேறு வேறு நாளில் நான்கு முறையாவது எண்ணுங்கள். இயந்திரம் நிற்கும் நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

தலை எண்ணிக்கை மட்டும் போதாது. கனடாவின் ஆல்பர்ட்டா காட்டில் எரிவாயு கம்பிரசர் நிலையங்களைச் சத்தமில்லாத எரிவாயுக் கிணற்றுத் தளங்களோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், அமைதியான இடத்தில் ஓவன்பேர்ட் என்னும் சிறு பாடும் பறவையின் ஆண்களில் 92 விழுக்காடு இணை சேர்ந்தன. கம்பிரசர் அருகே 77 விழுக்காடுதான். மீதி ஆண்கள் பாடிக்கொண்டே இருந்தும் துணை கிடைக்காதவை. ஆகவே இணையாகத் திரிவதையும், இரை கவ்விக் கூட்டுக்குப் போவதையும் தனிப் பத்தியில் குறியுங்கள்.

பாட்டைப் பதிவு செய்தால் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் (மோனோ). மணிக்குச் சுமார் 345 எம்பி பிடிக்கும். கருவிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஆடாசிட்டி என்னும் ஒலி மென்பொருளில் ஒலிப்படத்தை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படத்தை) கண்ணால் பார்த்து, "பறவை குரலை உயர்த்திவிட்டது" என்று எழுதாதீர்கள்: பாட்டின் தாழ்ந்த பகுதியை உறுமல் மூடியிருக்கும்.