பிரசவத்துக்குப் பின் பிரஷர்: தாய்வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்துவிட்டால் பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீரும் உப்பும் பிரசவத்துக்குப் பின் ரத்தக் குழாய்களுக்குத் திரும்பும். அதனால் 3ஆம் நாள் முதல் 6ஆம் நாளுக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு ஊருக்கு வந்து சேருவதும் பெரும்பாலும் இதே நாட்களில்தான். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் 6 வாரம் வரை புதிதாக வரலாம்.

அடுத்தது தலைவலி. "ராத்தூக்கங் கெட்டதுல வர்றதுங்க அம்மிணி, சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டாச் சரியாப் போயிரும்" என்பார் அம்மாயி. சிசேரியன் என்றால் முதுகில் போட்ட ஊசிமேல் பழி விழும். பத்துப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் பிரஷர் பாருங்கள். 140/90க்கு மேல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 160/110ஐத் தொட்டால் 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இறங்காவிட்டால் 108. அடங்காத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அளவு என்ன காட்டினாலும் கிளம்பிவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்த வீடுகளில்தான் வலிப்பும் மூளை ரத்தக்கசிவும் வருகின்றன.

வலிப்பு வந்தால் ஜன்னி என்று சொல்லிக் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். அதற்கான மெக்னீசியம் சல்பேட் ஊசி ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

வீட்டு மெஷினில் பார்க்கும்போது, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்ப்பது வழக்கம். அளவு தப்பாகும். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டையை வெறுங்கையில், நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூடுதலாகக் காட்டும்.

பால் வழியே குழந்தைக்குப் போகும் என்று பயந்து மாத்திரையை நிறுத்துவது இன்னொரு கொடுமை. நிஃபெடிபின், லேபட்டலால், எனலாப்ரில் மூன்றும் பால் கொடுக்கும்போது வழக்கமாகத் தரப்படுபவை. குறைமாதக் குழந்தையானால் மட்டும் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ விழுங்கினால் அழுத்தம் சட்டென்று சரியும். மெடிக்கலில் தானாக வாங்கும் மூக்கடைப்பு மாத்திரை பிரஷரை ஏற்றும்.

பத்தியத்தில் பூண்டு இருக்கட்டும். பால் சுரக்கும் என்று தினமும் கருவாட்டுக் குழம்பு வேண்டாம், அத்தனையும் உப்பு. வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பதிலும் பலனில்லை, பால் கொடுக்கும் உடம்புக்குத் தாகத்துக்குக் குடித்தாக வேண்டும்.

12 வாரத்துக்குப் பிறகும் 140/90 நீடித்தால் அது நிரந்தர ரத்த அழுத்தமாக இருக்கலாம். சிறுநீரில் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அடுத்த முறை கருத்தரித்ததும் இந்த விவரத்தைச் சொல்லுங்கள். 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள்.